பட்டியில் இரண்டு லாந்தர்

ராயக்கோட்டை மலைக்குத் தெற்கே ஒரு காதம்,
சின்னாறு மெலிந்து திரும்பும் இடத்தில் நரிமேட்டுப் பாளையம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு உழவுமாடு.
நாற்பது துப்பாக்கி, அதில் வெடிப்பது பதினொன்று.
அந்த வருஷம் நாங்கள் யார் பக்கமும் இல்லை என்பதை
யாரிடமும் சொல்லாமல் இருந்தோம்.

நான் ராயசம் திம்மரசு.
கிழக்கே போகும் கடிதத்துக்கு ஒரு மை,
மேற்கே போவதற்கு வேறு மை.
கும்பினிக்கு ‘தங்கள் ஊழியர்’,
பட்டணத்துக்கு ‘தங்கள் பாதத் தூசி’.
ஊழியருக்கும் தூசிக்கும் நடுவே
முழ அகலம் இடம் இருந்தது.
அதில்தான் எங்கள் கேழ்வரகு விளைந்தது.

தை மாதக் கடைசியில்
இரண்டு பேரும் ஒரே நாளில் வந்து சேர்ந்தார்கள்.
மேல்வாசலில் பட்டணத்து வக்கீல் காசிம் பேக்,
அத்தர் வாசனையோடும் தீராத வயிற்றுவலியோடும்.
கீழ்வாசலில் கப்பித்தான் வெல்டன்,
ஒரு பீப்பாய் சாராயம், துபாசி வேதாசலம்.
ஒருவர் காதில் ஒருவர் விழாதிருக்க
துரைசானி லிங்கம்மா
நடுத்தெருவில் ஒரு கல்யாணத்தையே நடத்தினாள்.
யார் கல்யாணம் என்று கேட்காதீர்கள்.
மேளம் பெரிதாக இருந்தது.

நட்பு என்றார்கள். தர்மம் என்றார்கள்.
மொழிபெயர்த்துப் பார்த்தால் எல்லாம் மாடு.
பீரங்கி இழுக்க மாடு, அரிசி சுமக்க மாடு.

“கோமாரி” என்றாள் துரைசானி, இருவரிடமும் தனித்தனியாக.
“வாயெல்லாம் நுரை. கொண்டுபோனால்
உங்கள் மாடும் சேர்ந்து சாகும்.”
சாயங்காலமே பட்டிக்கார மாதையன்
பூந்திக்கொட்டையை ஊறவைத்து
ஒவ்வொரு வாயிலும் தேய்த்தான்.
முந்நூற்றுப் பன்னிரண்டு வாய். விரல்தோல் உரிந்துவிட்டது.

நடுச்சாமத்தில் என்னை எழுப்பினார்கள்.
பட்டிக்குள் இரண்டு லாந்தர்.
ஒன்று மேற்கிலிருந்து, ஒன்று கிழக்கிலிருந்து
நுரையைச் சோதிக்க வந்தவை.

வாளை உருவுவார்கள் என்று நினைத்தேன்.
வேண்டிக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.
கப்பித்தான் தொப்பியைக் கழற்றினான்.
காசிம் பேக் பொடி டப்பியை நீட்டினான்.
ஒருவன் தும்ம, மற்றவன் சிரித்தான்.
கப்பித்தான் ஒரு மயிலைக்காளையின் வாயில் விரல் விட்டு
முகர்ந்து “சோப்பு” என்றான்.
“சாபூன்” என்றான் காசிம் பேக்.
அதுவரைக்கும் நான் தேவைப்படவில்லை.

அப்புறம் தேவைப்பட்டேன்.
பாரசியை நான் தமிழாக்க, தமிழை வேதாசலம் இங்கிலீஷாக்க,
பதில் அதே தடத்தில் திரும்பி வந்தது.
ஆளுக்குப் பாதி. நூற்றைம்பத்தாறு.
விடியுமுன் ஓட்டிக்கொள்வது.
விட்ட சண்டையைப்
பாலக்கோட்டுக்கு அந்தப்புறம் தொடர்வது.

பதினோரு வருஷத்தில்
ஒரு வாக்கியத்தைக்கூட நேராகக் கரை சேர்த்தவனில்லை நான்.
பத்தை ஏழாக்குவேன். நாளையை அமாவாசையாக்குவேன்.
வசவு வந்தால் கும்பிடாக்கி அனுப்புவேன்.
அன்றைக்கு
நூற்றைம்பத்தாறை நூற்றைம்பத்தாறு என்றே சொன்னேன்.
குளிரா, பயமா, இன்றுவரை தெரியவில்லை.
பகையாளிகளுக்கு நடுவில் நிற்கத்தான் பழகியிருந்தேன்.
அவர்கள் சிநேகமாய்ப் பேசிக்கொண்டபோது
குறுக்கே வைக்க ஒரு பொய்யும் கைக்கு வரவில்லை.

காலையில் துரைசானி என்னை ஒன்றும் கேட்கவில்லை.
மாதையனைக் கூப்பிட்டு
விரல்களுக்கு விளக்கெண்ணெய் போடச் சொன்னாள்.
பட்டியில் சாணம் இன்னும் சூடாக இருந்தது.

ஆடியில் ஏரை ஆட்கள் இழுத்தார்கள்.
நானும் நுகத்தில் தோள் கொடுத்தேன்.
இரண்டு சால் ஓடியதும்
எழுத்துக்காரன் தோள் ஆகாது என்று இறக்கிவிட்டார்கள்.

மறு மாசியில் சமாதானம்.
பாராமகால் முழுக்கக் கும்பினிக்கு என்று
நகல் ஒன்று வந்தது, நான்தான் உரக்கப் படித்தேன்.
ஊர்ப் பட்டியலில் எங்கள் பெயர்
ஒரு கால் கூடிப்போய்
நாரிமேடு என்றிருந்தது.
அப்படி ஓர் ஊர் இந்தச் சீமையில் கிடையாது.

திருத்தவா என்று துரைசானியைப் பார்த்தேன்.
அவள் மைக்கூட்டை எடுத்து
மூடிவைத்தாள்.